நேற்று முப்பத்தேழு

ஒரு மனிதரை நாற்பத்தொன்பது நாள் விடாமல் வெறுப்பது சின்ன வேலை அல்ல. இடையில் பசிக்கும், நித்திரை வரும், அந்த மனிதரே ஏதாவது பகிடி விட்டு உங்களைச் சிரிக்க வைத்துவிடுவார். வெறுப்பு கைநழுவிப் போகும், பிறகு அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான் விடாமல் பிடித்து வைத்திருந்தேன். வயதுக்கு மரியாதை கொடுத்து இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேனே தவிர, அந்த வசந்தம் முழுக்க என் மனதுக்குள் அவன்தான்.

மொன்றியலில் கோட்-டே-நேஜ் பக்கம் ஒரு யூதச் சமையற்கூடத்தில் எனக்கு வேலை. கலியாண வீடு, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று எல்லாவற்றுக்கும் அங்கேயிருந்துதான் சாப்பாடு போகும். முதல் இரண்டு வருடம் சட்டி கழுவினேன். பிறகு ஒன்பது வருடம் அடுப்படியில் நின்றேன். யூதர்களுடைய ஆசாரப்படி செய்த சாப்பாட்டுக்குக் கோஷர் என்று பெயர். அந்த ஆசாரம் தப்பாமல் பார்ப்பதற்கென்றே ஒருவர் நாள் முழுக்க எங்களோடு நிற்பார். இறைச்சியும் பாலும் ஒன்றையொன்று தொடாமல் பார்ப்பார். ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடிக் கிளாசில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பை அவர்தான் பற்ற வைக்க வேண்டும். யூதர் அல்லாத ஒருவன் பற்ற வைத்த அடுப்பில் முழுதாக வெந்த சாப்பாடு அவர்களுடைய விருந்துக்கு ஆகாது. அங்கே வேலை செய்த நாங்கள் நாலு தமிழர் அவருக்கு வைத்திருந்த பெயர் ஐயர்.

அது ஒரு பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை. விடிய விடியப் பனி கொட்டியிருந்தது. வில்லரேயிலிருந்து மெட்ரோவில் வந்து, மிச்சத் தூரத்தை முழங்கால் பனியில் நடந்து, ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தேன். அன்று மதியம் இருநூறு பேருக்குக் கலியாணச் சாப்பாடு. ஐயரைக் காணவில்லை. ஆறரைக்குச் சுவரில் மாட்டியிருந்த பழைய போன் அடித்தது.

"கார் பனிக்குள் புதைந்துவிட்டது. நான் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நீயே அடுப்பைப் பற்ற வை" என்றார். நானும் அவரும் கதைப்பது இங்கிலீஷில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நிச்சயமாகவா?" என்று கேட்டேன்.

"பற்ற வை, நேரம் போகிறது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்."

பற்ற வைத்தேன். எட்டு மணிக்கு அவர் வந்தார். அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் பின்னாலேயே முதலாளியும் வந்து நின்றார். முதலாளி கொதிக்கிற சட்டிகளைப் பார்த்தார், ஐயரின் தோளில் இன்னும் உருகாமல் கிடந்த பனியைப் பார்த்தார். யார் பற்ற வைத்தது என்று கேட்டார். நான்தான், ஐயர் போனில் சொன்னார் என்றேன். முதலாளி அவர் பக்கம் திரும்பினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லை" என்றார்.

ஒரு சொல். அவ்வளவுதான். இருநூறு பேருடைய சாப்பாடு குப்பைக்குப் போனது. கலியாணத்துக்கு வேறொரு சமையற்கூடத்திலிருந்து எதையோ வாங்கி அனுப்பினார்கள். சட்டிகளையெல்லாம் கொதிநீரில் முக்கிச் சுத்தம் செய்தார்கள். அடுத்த நாள் முதலாளி என்னைச் சட்டி கழுவும் தொட்டிக்கு அனுப்பினார். "பிழை செய்ததை மன்னித்திருப்பேன், ஆனால் இருபது வருடமாக இங்கே நிற்கிற மனிதர் மீது பொய் சொன்னாயே" என்றார். பிழை விட்டதற்காகச் சட்டி கழுவச் சொன்னால் கழுவுவேன். பொய்யன் என்று பெயரும் வாங்கிக்கொண்டு கழுவுவது வேறு. அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று நான் அந்த மனிதரை எத்தனை விதமாகச் சபித்தேன் என்று எழுதினால் அச்சுக்கு ஆகாது.

கோபத்தைவிட அதிகம் எரிச்சலூட்டியது அவர் என்னோடு பழகிய விதம். ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தார். போகிற போக்கில் முதுகு எப்படியிருக்கிறது என்று கேட்பார். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு எப்படி என்று என்னிடமே கேட்பது போலிருக்கும். பதில் சொல்வேன். சொல்லிக்கொண்டே, இந்த மனிதருக்கு எங்கே வலிக்கும் என்று யோசிப்பேன்.

எங்கே வலிக்கும் என்று அவரே எனக்கு முன்னொரு காலத்தில் சொல்லியிருந்தார். நாங்கள் நல்லமாதிரி இருந்த காலத்தில். அவர்களுக்குப் பாஸ்காப் பண்டிகையின் இரண்டாம் இரவிலிருந்து ஒரு கணக்குத் தொடங்கும். ஓமர் என்பார்கள். ஷவுவோத் என்கிற அடுத்த பண்டிகை வரும்வரை, ஏழு வாரம், நாற்பத்தொன்பது நாள், ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு நட்சத்திரம் தெரிந்த பிறகு எழுந்து நின்று, ஒரு மந்திரம் சொல்லி, இன்று இத்தனையாம் நாள் என்று வாயால் எண்ண வேண்டும். இரவில் மறந்தால், அடுத்த நாள் பொழுதுபடுவதற்குள் மந்திரம் இல்லாமல் எண்ணிச் சமாளிக்கலாம். அதையும் விட்டால் போச்சு. அந்த வருடம் மிச்சமுள்ள நாளெல்லாம் எண்ணலாம், ஆனால் மந்திரம் சொல்லும் உரிமை போய்விடும். கந்தசஷ்டி விரதத்தை ஐந்தாம் நாள் மறந்து முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அது எப்படியான இழப்பு என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் பதின்மூன்று வயதிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. தகப்பன் செத்த அன்றும் எண்ணினார். குடல்வால் வெட்டி மயக்கம் தெளிந்தபோது, தாதியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, வெளியே இருட்டிவிட்டதா என்பது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். மற்ற எதிலும் நான் அதைக் கண்டதில்லை.

அதைத்தான் உடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அவரே சொன்ன இன்னொரு விதியும் எனக்கு நினைவிருந்தது. பொழுது இறங்கிய பிறகு, எண்ணுவதற்கு முன், யாராவது இன்று எத்தனை என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதுவே எண்ணியதாகிவிடும், அன்றைக்கு மந்திரம் போய்விடும். அதனால், நேற்று இத்தனை என்றுதான் பதில் சொல்வார்கள். ஒரு நாளைய மந்திரமாவது போகட்டும் என்று, கணக்குத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே நான் அவரைக் கேட்கத் தொடங்கினேன். பின்னேர வேலை எனக்கும் அவருக்கும் ஒன்றாகத்தான். சூரியன் சரக்கு இறக்கும் வாசலுக்கு அப்பால் இறங்கியதும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாக, "இன்றைக்கு எத்தனை?" என்பேன்.

"நேற்று ஒன்பது" என்பார், சிரித்துக்கொண்டு.

விதம் விதமாகக் கேட்டேன். ஏணியில் ஏறிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். போனில் யாரோடோ சண்டை பிடித்துவிட்டு வைத்த கையோடு கேட்டேன். ஒருநாள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார், பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பாய்ந்து போய்க் கேட்டேன். வாயைத் திறந்தார். முட்டையைக் கீழே வைத்தார். "நேற்று பதினெட்டு" என்று சொல்லிவிட்டு, விரலை ஆட்டிச் சிரித்தார். கெட்டிக்காரன்தான், என்ன செய்ய.

வீட்டில் மனுசிக்கு இந்த விசயம் தெரியும். எனக்கு அவளிடம் எதையும் ஒளிக்க வராது.

"அந்தாளின்ர விரதத்தில கை வைக்காதேங்கோ" என்றாள். "பாவம் வரும்."

"அவன் எனக்குச் செய்தது?"

"அது அவற்ற பாவம். நீங்கள் ஏன் பங்குக்குப் போறியள்? பொறுத்தார் பூமி ஆள்வார்."

"எனக்குப் பூமி வேண்டாம். அடுப்பைத் தந்தால் காணும்."

அவள் சிரித்தாள், ஆனால் சம்மதிக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. மூன்று வாரம், நாலு வாரம் போனது. ஓமர் நாட்களில் அவர்களுக்குக் கலியாணம் கிடையாது என்பதால் சமையற்கூடத்தில் வேலை குறைவு. கறுவிக்கொண்டிருக்க நிறைய நேரம் இருந்தது. ஒவ்வொரு மாலையும் நான் கேட்பேன், அவர் தப்புவார், பிறகு நட்சத்திரம் தெரிந்ததும் வாசலருகே நின்று எண்ணுவார். எண்ணி முடித்துச் சுவரில் தொங்கும் எண் அட்டையைப் புரட்டுவார். வேறெங்காவது எண்ணிவிட்டு வந்தால், கோட்டைக் கழற்றுமுன் வந்து அட்டையைப் புரட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. என் கேள்வியை அவர் அன்பென்று எடுத்துக்கொண்டார் என்பது போகப் போகத்தான் எனக்கு விளங்கியது. அது என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

முப்பத்தெட்டாம் நாளை எண்ண வேண்டிய செவ்வாய்க்கிழமை மாலை அவர் வேலைக்கு வரவில்லை. மனைவியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று முதலாளி சொன்னார். அவருக்குப் பதிலாக முதலாளியே அடுப்படியைப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஐயர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடியே இரவைக் கழித்ததாகவும், மனைவிக்கு இப்போது பரவாயில்லை என்றும் முதலாளியிடம் சொன்னார். கோட்டைக் கழற்றினார். மாட்டினார். கைகழுவிவிட்டு நேரே முட்டைப் பெட்டிக்குப் போனார்.

அட்டையில் முப்பத்தேழு என்று இருந்தது.

தொட்டிக்குள் கையை விட்டபடி நான் அந்த எண்ணையே பார்த்தேன். இந்த மனிதர் எண்ணவில்லை. எண்ணவில்லை என்பது இன்னும் அவருக்கே தெரியாது. பொழுதுபட ஆறரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் நினைவு வந்தால் தப்பிவிடுவார். யாராவது ஒரு சொல் சொன்னாலும் தப்பிவிடுவார். முதலாளி அந்த அட்டையைக் கவனிப்பதில்லை, சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் எனக்குச் சொல்லாமல் விட்டதும் ஒரு சொல்தானே.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். மூன்று மணிக்கு அவர் அட்டை தொங்கும் சுவருக்குப் போனார். நான் சட்டி தேய்ப்பதை நிறுத்தினேன். பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்கு ஒரு தேநீரை ஊற்றி, குடிக்க மறந்து, ஆறவிட்டார். வாசல் பக்கம் வெயில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, வாகனத் தரிப்பிடத்தின் மறுகரைக்கு நகர்ந்தது. கழுவின சட்டியையே நான் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். உடனே அந்தப் பெப்ரவரி காலையில் அவர் கண்ணாடி துடைத்த விதத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

எட்டு மணி தாண்டியதும் அவர் நடந்து என் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேலை எதுவும் அங்கே இல்லை. சும்மா நின்றார். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா?" என்றார்.

"சரி" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். சூரியன் போனது. பிறகு நட்சத்திரமும் வந்தது. அவர் வழமைபோல வாசலருகே போய், அன்றைய கணக்கைத் தொடங்க அட்டையைப் பார்த்தார். முப்பத்தேழு. கை பாதியில் நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, செவ்வாய், புதன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருந்தது.

அவர் நேரே முதலாளியின் அறை வாசலுக்குப் போனார். நான் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"இன்று நீங்கள் மந்திரம் சொல்லுங்கள். நான் ஆமென் சொல்கிறேன்" என்றார்.

"ஏன்?"

"நேற்றைய நாளை விட்டுவிட்டேன். மறந்துபோனேன்."

"நீங்களா?"

"நான்தான்."

முதலாளி எழுந்து வந்து மந்திரம் சொன்னார். பதின்மூன்று வயதிலிருந்து தன் வாயால் சொல்லி வந்ததை அவர் தலை குனிந்து கேட்டார், ஆமென் என்றார், பிறகு தணிந்த குரலில் முப்பத்தொன்பது என்று எண்ணினார். என் சந்தோசம் அந்த இடத்தில் கெட்டுப்போனது. இரக்கத்தால் அல்ல. எவ்வளவு சுலபமாக உண்மையைச் சொல்லிவிட்டார்! மறந்துபோனேன், நான்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடவுள் விசயத்தில் உடனே வருகிற உண்மை, என் விசயத்தில் மூன்று மாதமாக வரவில்லை. மூன்று மாதம் நான் அடுப்படியைப் பார்த்தபடி சட்டி கழுவியிருக்கிறேன்.

அடுத்த நாள் அதே நேரத்தில் அவர் திரும்பவும் என் தொட்டிக்கு வந்தார்.

"நேற்று நீ கேட்கவில்லை" என்றார்.

நான் சட்டியைத் தேய்த்தேன்.

"மார்கழியிலிருந்து என் மனைவிக்குச் சுகமில்லை. என் தலை என்னிடம் இல்லை. ஒவ்வொரு நாளும் நீ வந்து கேட்கும்போதுதான் எனக்கு நினைவு வரும். இந்த வருடம் முழுக்க உன் கேள்வியை வைத்துத்தான் எண்ணினேன். நேற்றும் அதற்காகத்தான் வந்து நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "அட்டையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"எப்போது?"

"இரண்டு மணிக்கு."

அவர் வாய்க்குள் மணி கணக்குப் பார்ப்பது தெரிந்தது. "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

என்ன, எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சட்டியை எறிந்திருப்பேன். தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "என் வேலையில் என் சொல் ஒன்றுதான் இருக்கிறது. அது போனால் வேலை போகும். அவளுடைய வருத்தத்தோடு வேலையும் போனால் என்று பயந்துவிட்டேன்" என்றார்.

"எனக்கும் என் சொல் ஒன்றுதான் இருந்தது" என்றேன்.

அவர் முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். இந்தத் தடவை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி கழித்து வெளியே வந்து, அன்றைய வேலையை முடித்து, எல்லோருக்கும் சொல்வது போல எனக்கும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷவுவோத் வரை வந்தார். ஒவ்வொரு மாலையும் முதலாளி மந்திரம் சொல்ல, அவர் ஆமென் சொன்னார். அதற்குப் பிறகு அவரை அங்கே வைத்திருக்க முடியாது என்பது முதலாளிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐயர் கதவைச் சாத்திப் பேசிய அன்றிரவே முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுப்படி என்றார். பொய்யன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். நேர்மையாகத்தான் கேட்டார். பிறகு, நான் கதவருகே போனபோது, "புதன்கிழமை முழுக்க உனக்குத் தெரியுமாமே" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். ஐயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார், தன்னுடையதையும் என்னுடையதையும்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி வாங்கினேன். மனுசி சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலேயே கதையைத் தொடங்கிவிட்டேன். அட்டை, இரண்டு மணி, ஆறின தேநீர், அவர் பக்கத்தில் வந்து நின்றது, விரல் மடக்கிப் பார்த்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அடுப்புக் கிடைத்ததைக் கடைசியில் சொன்னேன். வருந்துகிறேன் என்று இங்கே எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அன்று நான் வருந்தவில்லை, பாட்டுத்தான் வந்தது. அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவற்ற மனுசி ஆஸ்பத்திரியிலயோ அண்டைக்கு?" என்றாள்.

"ஓம். அதாலதான் மறந்தவர்."

"அது தெரிஞ்சும் ஆறரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"நிண்டனான்" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.

அவள் அகப்பையைப் பானையில் விட்டாள், திரும்ப எடுத்தாள். என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகத்தைப் பார்க்கிற மாதிரி அது இருக்கவில்லை.

"நான் உங்களோட கோவமா இருக்கிற ஒரு நாளில ஏதும் மறந்துபோனன் எண்டால்," என்று மெதுவாகக் கேட்டாள், "எனக்குச் சொல்லுவீங்களோ?"

"இதென்ன விசர்க் கேள்வி" என்றேன். "சொல்லுவன்தானே."

அவள் என் கோப்பையில் சோற்றைப் போட்டாள்.